ப்ராஜெக்டை விலைக்கு வாங்காதீர்கள்



எம்.சி.ஏ., எம்.பி.ஏ. சிஸ்டம்ஸ் படிக்கிற உங்களில் சிலர் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். 3 வருஷ எம்.சி.ஏ. 2020-21 முதல் 2 வருஷமாகிவிட்டது. அதிலும் ஒரு செமஸ்டரைக் கடையில் வாங்கினால் மிச்சம் என்ன?

நம்ம எறையூர் சர்க்கரை ஆலையைப் பாருங்கள். கரும்புப் பதிவு, வெட்டு உத்தரவு, எடைமேடை, பணப் பட்டுவாடா எல்லாம் ஒரே கணக்கில் கோக்க வேண்டியவை. வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். எந்த வண்டி எப்போது வரவேண்டும் என்று முறைப்படுத்துவதுதானே தகவல் தொழில்நுட்ப மேலாண்மை? புரோகிராம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டிராக்டரில் படுத்துக் காத்திருப்பவரிடம் விவரம் கேட்கத் தெரிந்தவர் குறைவு. உங்களுக்கு அது எளிது. பலர் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

ஆலைக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.