தராசு சொன்னது சரியே

நண்பர்கள் நால்வர் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்குக் காரில் சென்றோம். லாஸ் வேகஸிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். கோவேறு கழுதையின்மீது அமர்ந்து பள்ளத்தாக்கின் அடிவரை இறங்குவதே எங்கள் திட்டம்.

புறப்படும் முன் ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்தினார்கள். ஆடை, காலணி உட்பட, சுமார் 90 கிலோகிராமுக்குமேல் இருக்கக்கூடாது. நண்பர் ஒருவர் நான்கு கிலோ கூடுதல். அவருக்கு அனுமதி இல்லை. “நான்கு கிலோதானே!” என்று நாங்கள் வாதாடினோம். முன்பதிவின்போதே விதியைச் சொல்லியிருந்தார்கள் என்பதை வசதியாக மறந்துவிட்டோம்.

அந்த விதி சரியானது என்றே இன்று கருதுகிறேன். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை வலிமையான விலங்குதான். ஆயினும், 1,300 மீட்டருக்குமேல் ஆழமுள்ள செங்குத்துப் பாதையில் அது நம்மைச் சுமந்து இறங்க வேண்டும். மறுநாள் அதே சுமையுடன் ஏறவும் வேண்டும். பாரம் அதிகம் என்று அதனால் முறையிட முடியுமா? எங்களுக்கு நான்கு கிலோ விட்டுக்கொடுத்தால், அடுத்து வருபவர் பத்துக் கிலோ கேட்பார்.

நாங்கள் மூவர் மட்டும் இறங்கினோம். நண்பர் மேலே நின்று கையசைத்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அன்று வாதாடாமல் இருந்தவர் அவர் ஒருவரே.