உடனே பதில் போடுவதுதான் சுறுசுறுப்பா?

"கம்ப்யூட்டர் வாங்கினால் நேரம் மிச்சமாகும் என்றார்கள், இருந்த நேரமும் போய்விட்டது" என்று புலம்புகிறவர் பலர். குற்றம் கம்ப்யூட்டர் மீதல்ல. திரையின் மூலையில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் அறிவிப்புகள்தான் காரணம்.

2020 ஊரடங்கில் அனந்தபுரம் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது நானும் பட்டேன். வந்த மெயிலுக்கெல்லாம் உடனே பதில் போட்டேன். எழுத வேண்டிய புரோகிராம் அப்படியே கிடந்தது, ராத்திரித் தூக்கமும் போனது.

இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ, 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துப் படித்தார். 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிடம் ஓய்வு. விண்டோஸ் 11-ன் கிளாக் புரோகிராமில் உள்ள 'ஃபோகஸ் செஷன்ஸ்' வசதியும் இதற்குத்தான். அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, மெயில் பார்க்கக் காலையும் மாலையும் ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

எடுத்த வேலையை முடிப்பதே சுறுசுறுப்பு.