மனுவெழுதத் தெரியாத 'ஏ' சித்திகள்

தமிழ்ப் பாடத்திலே 'ஏ' சித்தி பெற்ற பிள்ளை. தமிழிலே ஒரு மனு எழுதத் தெரியாத பிள்ளை. இவ்விருவரும் வெவ்வேறு பிள்ளைகள் என்றே நாம் இதுகாறும் எண்ணியிருந்தோம். குருக்கள்மடத்துக் கமக்காரர் ஒருவரோடு ஒரு கந்தோர் விறாந்தையிலே நின்ற அன்றுதான், இருவரும் ஒருவரே என்னும் உண்மை தெரிந்தது.

அவருக்கு வாவிக்கு அப்பால், படுவான்கரையிலே வயல். பெரும்போக வெள்ளாமை கதிர் தள்ளும் வேளையில் யானை புகுந்து மிதித்துவிட்டது. நட்டஈடு கேட்டு மனுக் கொடுக்க வந்தார். மகனும் உடன் வந்திருந்தான். சாதாரண தரப் பரீட்சையிலே தமிழில் அதிவிசேட சித்தி பெற்றவன். ஊரில் பெயர் எடுத்தவன். மனுவை எழுதியவனும் அவனே. அழகான கையெழுத்து. உழவின் பெருமைபற்றி எட்டு வரி. யானையின் பேருருவம்பற்றி ஐந்து வரி. ஏழையின் கண்ணீர்பற்றி ஆறு வரி. எந்த வட்டை? எத்தனை ஏக்கர்? எந்த இரவு? அழிந்தது எவ்வளவு? கிராம உத்தியோகத்தர் வந்து பார்த்தாரா? இவற்றுள் ஒன்றுதானும் இல்லை! உத்தியோகத்தர் இருமுறை படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கு தம்பி. ஆனா என்ன கேக்கிறீங்க எண்டு விளங்கேல்லையே," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். தகப்பனார் வெட்கத்தோடு, மரத்தடியிலே காசுக்கு மனு எழுதுபவரை நோக்கி நடக்கலானார்.

அந்த உத்தியோகத்தர்மீது நமக்குக் கோபமில்லை. அந்தப் பையன்மீதும் இல்லை. பதினோராண்டு அவனை இருத்திவைத்து, எழுத்து என்றால் இதுதான் என்று பழக்கிய முறையின்மீதே நமது கோபம் முழுவதும்.

அம்முறை யாது? கடையிலே மாதிரிக் கட்டுரைத் தொகுப்பு விற்கிறது. அதைப் பெற்றார் வாங்கிக் கொடுக்கின்றனர். ரியூசன் கொட்டிலிலே அதே கட்டுரைகள் அச்சுத் தாளாக வருகின்றன. பாடசாலையிலும் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. பிள்ளை பார்த்து எழுதி, மனனஞ்செய்து, பரீட்சை மண்டபத்திலே கக்கிவிட்டு வருகிறான். நூலகத்தின் பயன், சூழல் மாசடைதல், நான் விரும்பும் பெரியார் என ஒரு பத்துத் தலைப்பு. பத்துக்கும் பத்து வாய்ப்பாடு. ஒருமுறை ஒரு கட்டு விடைத்தாள்களைத் திருத்தும் வேலை நமக்கு வாய்த்தது. தாளுக்குத் தாள் செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டினான். தாளுக்குத் தாள் புள்ளினங்கள் பூபாளம் இசைத்தன. மட்டக்களப்பைப்பற்றி எழுதச் சொன்னால் தவறாது 'மீன்பாடும் தேனாடு' வந்துவிடும். அந்த வாவியிலே அதிகாலையில் வலை இழுக்கும் தந்தைக்கு இறால் எவ்வளவு பட்டது, வியாபாரி என்ன விலைக்கு எடுத்தான் என்பது ஒரு தாளிலேனும் வரவில்லை. பாடும் மீனை அறிந்த பிள்ளை, அகப்படும் மீனை அறியாதவனா? அறிவான், அஃது எழுதத் தகுந்ததென்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

'நான் ஒரு பேனா', 'நான் ஒரு பழைய நாணயம்' என்னும் சுயசரிதைகள் வேறு! பேனாவாகவும் நாணயமாகவும் நின்று பேசப் பழகிய பிள்ளைக்குத் தானாக நின்று பேசத் தெரியவில்லை.

"புள்ளி கிடைக்கிறதே, பிறகென்ன?" என்பர் சிலர். புள்ளி கிடைப்பது உண்மையே. ஆயின் அப்புள்ளி உயர்தர வகுப்பின் வாசலிலேயே உதிர்ந்துவிடுகிறது. உயிரியல் படிப்பவனுக்கும் விவசாய விஞ்ஞானம் படிப்பவனுக்கும் இரண்டாம் வினாத்தாளிலே காத்திருப்பது என்ன? அமைப்புக் கட்டுரையும் கட்டுரையுமே! அங்கே செங்கதிரோனுக்கு இடமில்லை. காரணத்தை முன்வைத்து, காரியத்தைப் பின்வைத்து, வேண்டாததை விலக்கி எழுதவேண்டும். வைத்தியராக வருபவர் நோயாளியின் வரலாற்றை எழுதவேண்டும். பொறியியலாளர் அறிக்கை எழுதவேண்டும். சட்டத்தரணி வழக்கை எழுதவேண்டும். இப்பத்திரிகையைப் படிக்கும் உத்தியோகத்தர்கள் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்: நும் தொழிலுக்கு வேண்டிய எழுத்தை நும் பாடசாலையிலே கற்றீர்களா, பின்னர் மேலதிகாரியின் ஏச்சிலே கற்றீர்களா?

"அலங்காரமே தமிழுக்கு அழகு" என்பர் வேறு சிலர். இவர்களுக்கு விடைசொல்ல ஈழத்துக்கு வெளியே போகவேண்டியதில்லை. காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் அரங்கேறிய அவருடைய யாழ்நூலிலே பழந்தமிழிசையை அவர் கணக்கிட்டு நிறுவியிருக்கிறார். வெறும் புகழ்ச்சியால் நிறுவவில்லை. அப்பெரியாரின் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறோம். அவரைப்பற்றிய கட்டுரையையோ, பிள்ளைகள் மனனஞ்செய்து ஒப்புவிக்கின்றனர்!

கட்டுரை என்றால் என்ன? பிரான்சிலே மொந்தேன் என்பவர் 1580இல் தம் உரைநடைத் தொகுதிக்கு இட்ட பெயரின் பொருள் 'முயற்சி', சோதித்துப் பார்த்தல். இதோ ஒரு கேள்வி, இதை நான் ஆராய்ந்து பார்க்கிறேன் என்னும் துணிவே அதற்கு உயிர். சிலப்பதிகாரத்திலே 'கட்டுரை காதை' என்றொரு காதை உண்டு. ஆங்கு அச்சொல் இன்றைய பொருளில் வழங்கவில்லை, அது வேறு கதை. ஆனால் அதே காப்பியத்தின் வழக்குரை காதையைவிட நல்ல பாடம் கட்டுரை ஆசிரியனுக்கு வேறெங்கே கிடைக்கும்?

செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசிச் சடங்குக்குப் போகாத பிள்ளை நம் பகுதியில் உண்டா? கண்ணகி வழக்குரை படிப்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்! இளங்கோவடிகள் காட்டும் கண்ணகி அரசன் முன்னே என்ன செய்தாள்? அழுதாள், சினந்தாள், அவற்றால் மட்டும் வழக்கு வென்றதோ? தன் ஊரும் பேரும் சொன்னாள். தன் கணவன் கள்வனல்லன் என்று தன் கோரிக்கையை வைத்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான். அதன்பின் அவள் ஒரு சொல்லும் மிகையாகப் பேசவில்லை. சிலம்பை எடுத்து உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. செங்கோல் வளைந்ததை அரசனே ஒப்புக்கொண்டான். கோரிக்கை, மறுதரப்பின் கூற்று, சான்று, முடிபு! எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லி, "உன் கட்டுரையிலே பரல் எங்கே?" என்று ஓர் ஆசிரியர் கேட்டாராயின், வேறு இலக்கணம் வேண்டியதில்லை. மேற்சொன்ன பையனின் மனுவிலே கண்ணீர் இருந்தது, பரல் இல்லை.

இனிக் கற்பிக்கும் வழி. தலைப்பை வானத்திலிருந்து இறக்காதீர்கள். 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பை முறித்த சூறாவளியைக் கண்ணாற் கண்ட பாட்டிமார் இன்னும் நம்மிடையே உளர். "போய் அம்மம்மாவிடம் கேட்டு வா, அன்றிரவு கூரை போனபின் எங்கே ஒதுங்கினீர்கள், மறுநாள் என்ன உண்டீர்கள் என்று கேள்" எனப் பிள்ளையை அனுப்புக. குறிப்போடு வருவான். பின்னர், எதை முதலிற் சொல்வது, எதை விடுவது என்று வகுப்பிலே பேசுக. தென்னைமரங்கள் சாய்ந்த கதையைப் பிள்ளை நான்கிடத்திற் சொல்லியிருப்பான். மூன்றை அவன் கையாலேயே வெட்டச் செய்க. வெட்டுதல்தான் கடினம். களுதாவளையிலே வெற்றிலைக் கொடி வைத்திருப்பவரின் பிள்ளை ஒரு கொடிக்கு ஓராண்டிற் செல்லும் செலவை எழுதட்டும். வாதக் கட்டுரை வேண்டுமா? பல தலைமுறையாக நம்மவர் குருக்கள்மடத் துறையிலே பாதையேறி அம்பிளாந்துறைக்குக் கடந்தனர். 2014இல் யப்பானிய உதவியோடு மண்முனைக்குப் பாலம் வந்தது. பாலம் வருமுன் ஒரு நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல எவ்வளவு நேரம், வந்தபின் எவ்வளவு நேரம் என்று படுவான்கரையாரைக் கேட்டு எழுதட்டும். அல்லது, 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே அரசு அதைக் கைவிட்டதே. அந்தப் போகத்திலே தன் வீட்டு வயல் எத்தனை மூடை தந்தது, அதற்கு முந்திய போகத்திலே எத்தனை என்று எழுதட்டும். எவ்வளவு பெரிய அரசியற் கட்டுரை அது!

முதற்பிரதி பிழையாகவே வரும். வரட்டும். இரண்டாம் பிரதி எழுதச் செய்தாலன்றி எழுத்துப் பழகாது. ஆசிரியர் சிவப்பு மையால் எழுத்துப்பிழையை மட்டும் வட்டமிட்டு, 'நன்று' என்று ஒப்பமிடுவது திருத்தமாகாது. "இதை எப்படி அறிந்தாய்?" என்று ஓரத்திலே ஒரு கேள்வி எழுதுக; அது போதும். நாற்பது தாளுக்கும் அப்படி எழுத நேரமேது என்று ஆசிரியர் கேட்பார். நியாயமான கேள்வியே. தவணைக்குப் பத்துக் கட்டுரை வேண்டாம். மூன்று போதும், மூன்றையும் இருமுறை எழுதினால். கட்டுரை தமிழாசிரியரின் தனிச்சுமையும் அன்று. வரலாறு கற்பிப்பவரும் விஞ்ஞானம் கற்பிப்பவரும் தத்தம் பங்கைச் சுமக்கவேண்டும். பரீட்சைத் தாள் வகுப்போருக்கும் ஒன்று: மனப்பாடத்தால் விடையெழுத முடியாத வினாவைக் கொடுங்கள், மாதிரிக் கட்டுரைக் கடைகள் மறுதவணையே மூடப்படும். இப்போது கைத்தொலைபேசியே கேட்ட தலைப்பில் கட்டுரை எழுதித் தருகிறது. செங்கதிரோனைக் கிளிப்பிள்ளையாய் ஒப்புவிப்பதிலே இனி எந்தப் பிள்ளையும் அந்த யந்திரத்தை வெல்லப்போவதில்லை. தன் வட்டையின் பெயர் யந்திரத்துக்குத் தெரியாது.

இத்துணை ஏன் சொல்கிறோம்? 1956இலே தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961இலே கச்சேரி வாயில்களை மறித்து நம்மவர் சத்தியாக்கிரகம் இருந்தனர். மட்டக்களப்புக் கச்சேரியும் அவற்றுள் ஒன்று. எதற்காக? தமிழன் தன் மொழியிலே அரசுக்கு எழுதவும், தன் மொழியிலே விடைபெறவும். 1987இலே பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இலே பதினாறாம் திருத்தம் வடக்கு கிழக்கிலே தமிழை நிருவாக மொழியாக்கியது. ஏட்டிலுள்ளது நடைமுறையிலே முழுதும் வரவில்லை என்று நாம் முறையிடுகிறோம், அம்முறைப்பாடு மெய்யே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எந்த அரச கந்தோரிடமும் நாம் விபரம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். யானைவேலிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று ஒரு கமக்காரர் சங்கம் எழுதிக் கேட்கலாம். தெளிவாக நான்கு வரி வேண்டும், அவ்வளவே. அந்நான்கு வரியை எழுத ஊரில் ஆளில்லையென்றால், பெற்ற உரிமையைப் பெட்டியிற் பூட்டிவைத்தோமா?

கமக்காரப் பெருமக்களே, இது ஆசிரியர்களின் வீட்டு விவகாரம் என்று வாளாவிருக்காதீர்கள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளையின் கட்டுரைக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியையும் கொண்டுபோங்கள். இரண்டையும் மேசையிலே அருகருகே விரித்து வைத்து, "இவ்விரு பிள்ளைகளும் ஒரே கண்ணாலா உலகைப் பார்க்கின்றனர்?" என்று கேளுங்கள்.

அன்று அந்தத் தகப்பனாரை மரத்தடிக்குப் போகவிடாது மறித்தோம். பையனை விறாந்தைப் படியிலே இருத்தி, "தம்பி, எழுத வேண்டாம்; சொல்லு. எந்த வட்டை?" என்றோம். சொன்னான். "எத்தனை ஏக்கர்? யானை எத்தனை மணிக்கு? எந்தப் பக்கத்தால் வந்தது? காவலுக்கு யார் நின்றது?" ஒவ்வொன்றாகச் சொன்னான், கேளாததையும் சொன்னான். வேலிக் கட்டை முறிந்து கிடந்த இடத்தைப் படமாகக் கீறியும் காட்டினான். "இதெல்லாம் எழுதலாமா, சேர்?" என்று அவன் கேட்டதுதான் நெஞ்சிலே இன்னும் நிற்கிறது. எழுதினான், ஒன்பது வரி. தகப்பனார் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.