அரண்மனைக்கு வந்த குறத்தி

தாம்பரத்தில் ஒரு கருத்தரங்கு முடிந்து டீ குடிக்கும்போது நண்பர் ஒருவர் ஜப்பானைப் பற்றிப் பேச்செடுத்தார். கெஞ்சியின் கதைக்கு 12ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியச் சுருள்கள், கூரையை எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் தீட்டிய மாளிகைகள், அணி பிரிந்து கவிதைப் போட்டி நடத்திய பிரபுக்கள். “அங்கே உழைக்கிறவன் முகத்தையே காணோம். நம்ம தஞ்சாவூர் அரண்மனை குறத்தியையே மேடையேத்தியிருக்கு தோழர்” என்றார்.

எனக்குச் சண்டை இந்தக் கடைசி வரியோடுதான்.

எதற்கு ஏற்றினார்கள்? குறவஞ்சியில் உலா வரும் தலைவனைப் பார்த்து நாயகி காதலில் வாடுவாள். குறத்தி வந்து கைரேகை பார்த்து, ‘அவன் உனக்குத்தான்’ என்று சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டு போவாள். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் அந்தத் தலைவன் இரண்டாம் சரபோஜி மன்னரேதான். சரபோஜி தாமே மராத்தியில் எழுதிய தேவேந்திரக் குறவஞ்சியில் குறத்தி உலகப் புவியியல் பாடமே எடுக்கிறாள்! சுவையான நூல்கள்தான். திருக்குற்றாலக் குறவஞ்சியில் அவள் தன் மலையைப் பற்றிப் பெருமை பேசும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அரசன் புகழை அவள் வாயால் சொல்லவைத்து ரசித்ததை அவளுக்குக் கொடுத்த இடம் என்று எண்ணிவிடக் கூடாது.

மேடைக்கு வெளியே குறவர்கள் மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள். வெள்ளையர் அரசின் உப்புக் கொள்கையும் ரயிலும் அந்தப் பிழைப்பை உடைத்தன. 1911இல் குற்றப் பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்று பதிவேட்டில் பெயர் ஏறியது. மேடையில் கைரேகை பார்த்தவளின் சனத்திடம் போலீஸ் கைரேகை வாங்கியது.

1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியபோதும் அந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. பட்டுடுத்திய குறத்திக்குக் கைதட்டல். நிஜக் குறவருக்குக் காவல் நிலையத்தில் ஆஜர்.

சட்டம் போன பிறகும் சந்தேகம் போகவில்லை. 1993இல் காவலில் கொல்லப்பட்ட ராசாக்கண்ணு குறவர். அவர் கதையை எடுத்த ‘ஜெய் பீம்’ படத்தில் அவர் இருளராக மாறிவிட்டார். அந்தப் படத்தை நாமும்தான் கொண்டாடினோம். அதிலும் அவர் குறவராக வரவில்லை.

“அதுக்குக் கலை என்ன பண்ணும்?” என்று நண்பர் கேட்டார். டிசம்பர் சீசனில் அடுத்த முறை குறவஞ்சி ஆடும் சபாக்கள், ராகம், தாளத்தோடு 1911 சட்டத்தைப் பற்றியும் அழைப்பிதழில் நான்கு வரி அச்சடிக்கட்டும். முன்வரிசையில் குறவர் சமூகப் பெண்கள் சிலருக்கு நாற்காலி போடட்டும். ஆட்டம் எப்படி இருக்கிறது என்று அவர்களிடமும் கேட்கட்டும்.