பாவித்த ஜெட்ஸ்கி வாங்கப் போகும் தம்பிமாருக்கு



மே தொடங்கினால் நமக்கு சீசன். செப்டம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் அடங்கிக் கிடக்கும். புறாமலைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டுக்காரர்கள், பெருநாள் முடிந்து பிள்ளைகளோடு வருகிற நம்முடைய ஆட்கள் என்று கரை நிறைந்துவிடும். இந்த நாட்களில்தான் என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "சேர், இந்த ஜெட்ஸ்கி எப்படி? எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். கத்தாரில் உழைத்த காசு, கூட்டாளிமார் போட்ட பங்கு, போதாததற்கு உம்மாவின் நகை அடகில். இவ்வளவும் ஒரு போட்டோவை நம்பிப் போகப் பார்க்கிறது.

நான் மெக்கானிக் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனாலும் என் கருத்தைச் சொல்கிறேன். வேகத்தையும் பெயின்டின் பளபளப்பையும் பார்த்து வாங்காதீர்கள். எங்கே ஓடியது என்று தெரிந்த, நம்மூர் மெக்கானிக் திருத்தக்கூடிய, சாதாரண மெஷினை வாங்குங்கள். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் இந்த சீசனை விட்டுவிடுங்கள்.

முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். பெந்தோட்டைப் பக்கம் சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். நமக்குத் தொடங்கும்போது அங்கே முடிந்துவிடும். அங்கே வாடகைக்கு ஓடிக் களைத்த மெஷின் கழுவிப் பூசப்பட்டு நம் பக்கம் விலைக்கு வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஜெட்ஸ்கிக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணித்தியாலக் கணக்குத்தான். ஒரு வாடகை மெஷின் நாளைக்கு மூன்று மணித்தியாலம் வீதம் 120 நாள் ஓடினால் ஒரே சீசனில் 360 மணித்தியாலம். வார இறுதியில் மட்டும் ஓட்டுகிற ஒருவருக்கு அவ்வளவு ஓட்டப் பல வருடம் எடுக்கும். ஆகவே "எத்தனையாம் ஆண்டு மொடல்?" என்பதைவிட "எத்தனை மணித்தியாலம் ஓடியது, யார் ஓட்டினார்கள்?" என்று கேளுங்கள். புதிய மொடல்களில் இந்தக் கணக்கைக் கம்பனியின் கணினிக் கருவியால் வாசிக்கலாம். விற்பவர் அதற்கு மறுத்தால் அதுவே ஒரு பதில்.

அடுத்தது உப்பு. யமஹா, கவாசாகி மெஷின்களில் வெளியே உள்ள தண்ணீரே எஞ்சினுக்குள் ஓடி அதைக் குளிராக்குகிறது. கடலில் ஓடினால் எஞ்சினுக்குள் ஓடுவதும் கடல் தண்ணீர்தான். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் உள்ளே கழுவாவிட்டால் உப்புப் படிந்து குழாய் அடைக்கும், அலுமினியம் அரிக்கும். சீடூவில் எஞ்சினைக் குளிராக்கும் நீர் தனியான மூடிய சுற்றில் ஓடும். ஆனாலும் புகைக் குழாய்ப் பக்கத்துக்கு வெளித் தண்ணீர்தான். அதையும் கழுவ வேண்டும். கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு: முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பிறகு பைப்பைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் பைப்பை மூடி, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். மாறிச் செய்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறும். இந்த முறையை விற்பவரிடம் தெரியாதவர்போலக் கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால் அந்த மெஷின் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்று விளங்கிவிடும்.

பார்க்கப் போகும்போது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வருமுன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும். சீட்டைக் கழற்றி உள்ளே வெள்ளை உப்பும் பச்சை பூத்த வயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எஞ்சின் வேலை காத்திருக்கிறது. பின்னால் பம்புக்குள் டோர்ச் அடித்து இம்பெல்லரின் ஓரம் நெளிந்து உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றடி ஆழம் இல்லாத இடத்தில் ஓட்டினால் மணலையும் கல்லையும் உறிஞ்சி இப்படித்தான் ஆகும்.

கரையில் வைத்து உறுமவிட்டுக் காட்டுவது சோதனை ஆகாது. தண்ணீரில் இறக்கி இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் பம்பில் குறை. கரைக்கு வந்ததும் மறுபடி சீட்டைக் கழற்றி உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உடலில் பொறித்த 12 எழுத்து இலக்கமும் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றா என்றும் சரிபாருங்கள்.

சூப்பர்சார்ஜர் பூட்டிய பெரிய மெஷின்மேல் இளைஞர்களுக்கு ஆசை. பழைய சீடூ சூப்பர்சார்ஜர்களை ஏறக்குறைய 100 மணித்தியாலத்தில் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் உள்ளே உள்ள செரமிக் வளையம் உடைந்து எஞ்சினையே கெடுக்கும். சுற்றுலாப் பயணியை ஏற்றிப் பத்து நிமிடம் சுற்றிவர அந்த வேகம் எதற்கு? வாடகைக்கு அது தலைவலி, கற்றுக்குட்டி கையில் அது ஆபத்து. பலருக்குத் தெரியாத ஒன்று: சாதாரண ஜெட்ஸ்கியில் எக்ஸிலேட்டரை விட்டால் ஹேண்டிலும் வேலை செய்யாது. பயந்து கையை எடுத்தவர் நேராகப் போய் மோதுவார். நிறுத்தும் கயிறு கையில் கட்டியிருக்க வேண்டும், உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்க வேண்டும். மெஷின் விலையைப் பேசும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

"இந்தச் சனியனே வேண்டாம், தடை செய்யுங்கள்" என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். வலை கிழிந்த மீனவரின் கோபம் நியாயமானது. வலை போடுகிற இடத்திலும் குளிக்கிற இடத்திலும் ஓட்டக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கடல்தான் தொழில். கடலை மூடிவிட்டு அவர்களை மறுபடி விமானம் ஏறச் சொல்ல என்னால் முடியாது. செய்வதை ஒழுங்காகச் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. பாலம் கட்டி முடியாத காலத்தில் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளையும் பறிகொடுத்தோம். தண்ணீரில் ஓடுகிற எதையும் ஏறுமுன் சோதிக்க வேண்டும் என்பதற்கு நமக்கு இன்னொரு பாடம் தேவையில்லை.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறையை மறைத்து விற்பது ஹராம் என்று நாம் எல்லோரும் சிறு வயதிலேயே ஓதிப் படித்தவர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள அந்தச் சட்டம் ஜெட்ஸ்கிக்கும் உண்டு. இதில் ஏமாறுகிறவர் காசை மட்டும் இழப்பதில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் பின்னால் யாரோ ஒருவருடைய பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்.

வாங்கப் போகும் தம்பிமாரே, பேரம் பேசுமுன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் தங்கச்சியை இதில் ஏற்றி அனுப்புவேனா?" மனம் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காமல் வீட்டுக்கு வாருங்கள். மெக்கானிக் நானாமார் நான் விட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு உதவும்.

வஸ்ஸலாம்.