போனைப் பறித்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பா?



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளை வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

உடப்புசல்லாவைப் பக்கம் பெற்றோர் கூட்டங்களில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்தால் பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "போனைப் பறியுங்கள்." பள்ளிவாசல் பக்கமும் அதே பேச்சு, கோயில் பக்கமும் அதே பேச்சு. அதிலும் பெண் பிள்ளையின் போனைத்தான் முதலில் பறிக்க வேண்டுமாம். ஆசிரியர்களாகிய நாங்கள் இதை வெளிப்படையாகவே எதிர்க்கிறோம். இப்படிப் பறிப்பதால் பிள்ளையின் வாய்தான் அடைபடுகிறது.

முதலில் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வட்ஸ்அப்புக்கு வந்தது. கொழுந்து பறிக்கும் தாய்மார் கடன் பட்டு போன் வாங்கிக் கொடுத்தார்கள். மலையகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறினார்கள். அன்று போன் இல்லாத பிள்ளைக்குப் படிப்பில்லை. இன்று போன் உள்ள பிள்ளை கெட்டுப்போன பிள்ளை. இந்த இரண்டுக்கும் நடுவில், அதை எப்படிப் பாவிப்பது என்று சொல்லிக்கொடுக்க எத்தனை பாடசாலைகளில் நேரம் ஒதுக்கினார்கள்? சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் விருப்பப் பாடம்தான். அதை எடுக்காத பிள்ளை என்ன செய்யும்?

இன்னொன்று. இங்கே பல வீடுகளில் அம்மா சவூதியிலோ குவைத்திலோ இருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு அம்மா என்பவர் போனில் கேட்கும் குரல்தான். அந்தப் போனையா பறிக்கச் சொல்கிறீர்கள்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு பிள்ளையின் படம் எவனோ ஒருவனிடம் சிக்கிவிட்டது. காசு கேட்கிறான், அல்லது இன்னும் படம் கேட்கிறான். அந்தப் பிள்ளை என்ன யோசிக்கும்? "வீட்டில் சொன்னால் அடி விழும். போன் போகும். படிப்பையும் நிறுத்திவிடுவார்கள்." ஆகவே சொல்லாது. அவன் கேட்டதைக் கொடுக்கும். மிரட்டுகிறவன் நம்பியிருப்பது இந்தப் பயத்தைத்தான். அந்தப் பயத்தை அவனுக்காக வளர்த்துக் கொடுப்பது "பறியுங்கள்" என்கிற நமது தீர்ப்பு. இணையப் பாதுகாப்பின் முதல் பாடம் கடவுச்சொல் பற்றியதல்ல. என்ன நடந்தாலும் வந்து சொல்லலாம் என்ற தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

அடுத்தது இணைய ஒழுக்கம். இதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும் என்று சொல்லும் பெரியவர்களிடம் ஒரு கேள்வி. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு கடையின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை கட்டி ஊரைக் கொளுத்தினார்களே, அதைப் பரப்பியது தரம் 9 பிள்ளைகளா? அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொல்லும்போது எல்லாம் முடிந்திருந்தது. மார்ச் மாதம் திகன எரிந்தது. 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கும் நிலை வந்தது. அதில் தனக்கிருந்த பங்குக்கு பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். 2019 மே மாதம் சிலாபத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரிக் கருத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். கடைகள் உடைந்தன, ஊரடங்கு வந்தது. பகிர்ந்தவர்களும் உடைத்தவர்களும் வளர்ந்தவர்கள்.

பாதிக்கப்பட்ட சமூகம் என்பதற்காக நமது கைகள் சுத்தம் என்று ஆகிவிடாது. நமது குரூப்களைப் பாருங்கள். யாரோ ஒரு பெண் பிள்ளை பஸ் ஸ்டாண்டில் யாரோடோ நின்ற படம் "சமூக விழிப்புணர்வு" என்ற தலைப்போடு சுற்றுகிறது. கீழே "அதிகம் பகிரவும்" என்று வேறு எழுதியிருக்கிறார்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்வதும், துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுப்பதும் ஹுஜுராத் அத்தியாயம்தான். அதை ஜும்ஆவில் கேட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் படத்தை அடுத்த குரூப்புக்கு அனுப்புகிறவரிடம் எந்தப் பிள்ளை ஒழுக்கம் கற்கும்?

தோட்டப் பக்கம் வேறொரு கூத்து. நாலு கொப்பி, ஒரு சோடி சப்பாத்து கொடுக்க வருகிறார்கள். லயத்து வாசலில் பிள்ளையை நிறுத்தி, முகம் தெளிவாகத் தெரிய வீடியோ எடுத்து, தோட்டத்தின் பெயரோடு முகநூலில் போடுகிறார்கள். புலமைப்பரிசில் முடிவு வந்தால் பிள்ளையின் முழுப் பெயர், படம், பாடசாலை, சுட்டெண் எல்லாம் பொதுவெளிக்கு வருகின்றன. பிறகு அதே ஆட்கள் வந்து "பிள்ளைகளே, உங்கள் தனிப்பட்ட விபரங்களை இணையத்தில் போடாதீர்கள்" என்று கருத்தரங்கு வைக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பெண்களையும் சிறுவர்களையும் சொல்லித்தான் வந்தது. பேச்சுரிமையை நசுக்கும் என்று அப்போதே பலர் எதிர்த்தார்கள். அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டம் வேலை செய்வதற்கு முதலில் யாராவது முறைப்பாடு செய்ய வேண்டும். வாயே திறக்க முடியாத பிள்ளைக்கு எந்தச் சட்டமும் உதவாது.

அப்படியானால் என்ன சொல்லிக்கொடுப்பது? இவ்வளவும் போதும்:

1. போன் கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கின் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்ற வேண்டும். மீட்பு இலக்கமும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பார்க்க வேண்டும். திருத்தக் கொடுக்கும் முன் படங்களை அகற்ற வேண்டும்.

2. ஓ.டி.பி. இலக்கத்தை யாருக்கும் சொல்லக்கூடாது. வங்கி என்றாலும், பரிசு என்றாலும், "ஆசிரியர்" என்றாலும்.

3. யாராவது மிரட்டினால் காசு கொடுக்காதே, மறுபடி படம் அனுப்பாதே, உரையாடலை அழிக்காதே. ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை, புளொக் பண்ணு, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் உடனே சொல்.

4. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க "டேக் இட் டவுன்" என்ற இலவச சேவை இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண் அடையாளம் மட்டும்தான் போகும். அதில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். ஆனால் வட்ஸ்அப் உரையாடலுக்குள் அதனால் போக முடியாது. அதனால்தான் பகிராமல் இருப்பது நமது பொறுப்பு.

5. கோபத்தில் எழுதியதை உடனே அனுப்பாதே. எழுத்தில் முகம் தெரியாது, சிரிப்பும் தெரியாது. சிலாபத்தைச் சொல்லிக்கொடுங்கள், பிள்ளைகளுக்கு விளங்கும்.

உதவிக்கு 1929 – தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. 24 மணி நேரமும் அழைக்கலாம், காசில்லை. இந்த இலக்கத்தை எல்லா வகுப்புகளின் சுவரிலும் எழுதி வைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும். அதிபர்மாரிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் நாங்கள் கேட்பது இதையும், தவணைக்கு இரண்டு பாடவேளைகளையும்தான். பெற்றோரிடம் கேட்பது ஒரே ஒரு வாக்கியம். இன்று இரவு பிள்ளையிடம் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் என்னிடம் சொல்லு, போனைப் பறிக்க மாட்டேன்."

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறோம். ஆனால் உதாரணம் காட்டுவதற்காக எந்தப் பிள்ளையின் பெயரையும், பாடசாலையையும், தோட்டத்தையும் எழுத வேண்டாம். எழுதினால் அழித்துவிடுவோம்.