சர்வே எண் இல்லாத மனைகள்

தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்துக்குச் சற்று முன்பாக இருக்கிறது புதுக்கோட்டை. வீட்டுமனைச் செயலியில் இந்தப் பெயரைத் தட்டுபவர், கவனிக்காவிட்டால் தொண்டைமான்கள் ஆண்ட இன்னொரு புதுக்கோட்டைக்குப் போய்விடக்கூடும். அது உடனே திருத்திக்கொள்ளக்கூடிய தவறு. சரியான ஊரைக் கண்டுபிடித்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இந்தப் பக்கம் நிலத்துக்குக் கிராக்கி கூடியதற்குக் காரணங்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஜூலை 26 அன்று விமான நிலையத்தின் புதிய முனையமும், ஆகஸ்ட் 4 அன்று அந்த ஆலையும் திறக்கப்பட்டன. ஊருக்கு நல்ல செய்தி; மனை போட்டு விற்பவர்களுக்கு அதைவிட நல்ல செய்தி. கப்பலில் வேலை பார்க்கிறவரும் வளைகுடாவில் இருக்கிறவரும் நேரில் வந்து பார்க்க முடியாது. அவர்களுக்குக் கைபேசிதான் கண்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாதது தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் வடகாலின் கடைசிக் குளமான கோரம்பள்ளம் உடைந்தது. தூத்துக்குடி நகரின் பல தெருக்கள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. செயலியில் ஏறும் மனைப் படமோ பெரும்பாலும் வெயில் காலத்தில் எடுத்தது: சமப்படுத்திய மண், வெள்ளையடித்த எல்லைக்கல், வரிசையாகக் கொடிகள். பக்கத்து டீக்கடையில் கேட்டால், “இங்கன இடுப்பளவு தண்ணி நின்னுச்சு” என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். செயலியில் அந்த வரிக்குக் கட்டம் கிடையாது.

கட்டம் வைத்தாலும் அது நிலைக்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் வீட்டு விளம்பரத் தளமான ஸில்லோ 2024-இல் ஒவ்வொரு வீட்டுக்கும் வெள்ளம், தீ முதலிய அபாய மதிப்பெண்களைக் காட்டத் தொடங்கியது. மதிப்பெண் துல்லியமாக இல்லை, விற்பனையைக் கெடுக்கிறது என்று வீட்டுத் தரகர்கள் முறையிட்டார்கள். அடுத்த ஆண்டின் இறுதியில் அந்த மதிப்பெண்கள் விளம்பரப் பக்கங்களிலிருந்து காணாமல் போயின. இதே ஸில்லோதான் தன் கணினிக் கணிப்பை நம்பித் தானே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கி, கையைச் சுட்டுக்கொண்டு 2021 நவம்பரில் அந்தக் கடையை மூடியது. விலையைக் கணித்தவர்களே அந்த விலையில் தோற்றார்கள்.

நம் ஊர் விளம்பரத்தில் இருப்பது கணித்த விலைகூட இல்லை, கேட்கிற விலை. அரசின் வழிகாட்டி மதிப்பு வேறு, பக்கத்து மனை உண்மையில் கைமாறிய தொகை வேறு. செண்டுக்கு இவ்வளவு என்று திரும்பத் திரும்பப் பார்த்த எண், பேரம் தொடங்குமுன்பே மனதில் பதிந்துவிடுகிறது.

பத்திரத்துக்கு வருவோம். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லாமல் பிரித்த மனையை வரன்முறைப்படுத்தும் திட்டத்திலும் சேர்க்க முடியாது. அதே 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது என்கிறது. எந்த ஊடகத்தின் வழியாகவாவது வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்திக் கூலி பெறுகிறவரையும் அது முகவர் என்றே வரையறுக்கிறது. செயலிகளின் நிபந்தனைப் பக்கத்தைக் கடைசிவரை படிப்பவர்களுக்கு வேறு குரல் கேட்கும்: நாங்கள் விளம்பரப் பலகை மட்டுமே, விவரங்களுக்கு விளம்பரதாரரே பொறுப்பு.

இதற்கு ஒரு சிறிய மருந்து உண்டு: ஒவ்வொரு விளம்பரத்திலும் சர்வே எண்ணைக் கட்டாயமாக்கலாம். எண் கையில் இருந்தால் அ-பதிவேட்டில் அந்த இடம் ஓடைப் புறம்போக்கா, தனியார் பட்டாவா என்பதை அரசு இணையதளத்தில் பார்க்கலாம்; புலப்படத்தையும் வில்லங்கச் சான்றையும் வீட்டிலிருந்தே எடுக்கலாம். எத்தனை படுக்கையறை, எந்தத் திசை வாசல் என்றெல்லாம் கேட்கிற செயலிகள் இந்த ஒன்றைக் கட்டாயமாகக் கேட்காததற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. காரணம் வேறு: சர்வே எண் தெரிந்தவர் நேரே கிராம நிர்வாக அலுவலரிடமோ நிலத்துக்காரரிடமோ போய்விடுவார். இடையில் நிற்பவருக்குத் தரகும் கிடைக்காது, செயலிக்குச் சந்தாவும் வராது.